பட்டுக் கடையில் அமீபாக்கள்

கல்யாணமாகி ஒன்றரை மாதத்தில் என் கணவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். விசாவுக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போயிருந்தோம். அவருக்கு உடனே கொடுத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் இன்னும் விசாரிக்க வேண்டியிருக்கிறது, சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். எதை விசாரிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டாயிரத்தைத் தாண்டி ஓரிரு வருஷங்கள் ஆகியிருந்த காலம். அந்த நாட்டில் எல்லாக் கதவுகளையும் இறுக்கிச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் சின்னக் காஞ்சிபுரத்தில் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தேன். கழுத்தில் தாலி, பீரோவில் இன்னும் மடிப்புக் கலையாத புடவைகள். மற்றபடி எல்லாம் கல்யாணத்துக்கு முன்பு போலவேதான். காலையில் அப்பாவுக்குக் காபி, பத்து மணிக்குத் தபால்காரருக்காக வாசலைப் பார்ப்பது, பிறகு அம்மாவோடு சேர்ந்து அடுக்களையில் தளிகை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய போன் வரும். எங்கள் வீட்டு டெலிபோன் கூடத்தில், அப்பாவின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முதலில் அவர்தான் பேசுவார். அங்கே எவ்வளவு குளிர், எத்தனை டிகிரி என்று கேட்பார். அப்புறம் அம்மா, ரசத்துக்குக் கொடுத்தனுப்பிய சாத்தமுதுப் பொடி தீர்ந்துபோயிற்றா என்பாள். கடைசியில் ரிசீவர் என் கைக்கு வரும்.

"நன்னா இருக்கியா?"

"இருக்கேன். நீங்க?"

"இருக்கேன். அப்புறம்?"

"வேற ஒண்ணுமில்லை."

அந்தப் பக்கம் அவரோடு அறையில் தங்கியிருந்த நண்பர்கள் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்கும். இந்தப் பக்கம் அப்பா செய்தித்தாளை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பார். ஒன்றரை மாதம் மட்டும் கூட இருந்தவரோடு நான் என்ன பேச முடியும்? எதைச் சொல்ல நினைத்தாலும் அது கூடத்தில் சொல்லக் கூடியதாக இருக்காது. போனை வைத்த பிறகு மாடிக்குப் போய்த் துணி காயப்போடுகிற சாக்கில் நிற்பேன். அவருடைய குரலே எனக்கு மறந்துகொண்டு வருகிறதோ என்று பயமாக இருக்கும்.

என்னை வெளியே இழுத்துப் போட்டவள் என்னோடு எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் படித்தவள். முசரவாக்கத்துப் பெண். அவள் அப்பாவுக்கு நிலமும் ஒரு மாந்தோப்பும் உண்டு. ஏனாத்தூரில் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் பிஎச்.டி. சேர்ந்திருந்தாள். ஒரு நாள் தன்னுடைய ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள்.

"எவ்ளோ நாளைக்குடி இப்படித் தெருவையே பாத்துக்கினு உக்காந்திருப்ப? எங்க லேப்ல ஒரு அசிஸ்டண்ட் வேணும்னு மேடம் தேடிக்கினு இருக்காங்க. வா."

"நடுவுல விசா வந்துட்டா?"

"வந்தா போ. யாரு உன்னக் கட்டிப் போடப் போறாங்க?"

அப்பா யோசித்தார். அம்மா, போயிட்டு வரட்டுமே என்றாள். அப்படித்தான் நான் அமீபாக்களிடம் போய்ச் சேர்ந்தேன்.

அந்தக் கூடத்தில் வளர்த்தது மண்ணில் வாழ்கிற ஒரு வகை அமீபா. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல். சாப்பாடு இருக்கும்வரை ஒவ்வொன்றும் தனித்தனி. மண்ணிலிருக்கும் பாக்டீரியாவைத் தின்றுகொண்டு, பக்கத்தில் இருப்பதைப் பற்றிக் கவலையே இல்லாமல் ஊர்ந்து திரியும். பாக்டீரியா தீர்ந்து பட்டினி தொடங்கினால்தான் மாற்றம். ஏதோ ஒரு செல் தன்னிடமிருந்து சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறிய மூலக்கூறை வெளியே விடும். அது நீரில் பரவிப் பக்கத்துச் செல்லின் தோல்மேல் போய்ப் படும். தோல் என்று நான் சொல்வது செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வை. அந்தச் சவ்வுக்குக் குறுக்கே, பாதி வெளியிலும் பாதி உள்ளேயுமாக ஒரு புரதம் உட்கார்ந்திருக்கும். அதற்கு ரிசெப்டர் என்று பெயர். வெளிப்பக்கத்தில் மூலக்கூறு வந்து பொருந்தியதும் அதன் உள்பக்கம் லேசாக உருமாறும். உள்ளே ஒட்டியிருக்கிற ஜி புரோட்டீன் அந்த அசைவை வாங்கிக்கொண்டு இரண்டாகப் பிரிந்து, அடுத்த வேலைக்காரர்களைத் தட்டி எழுப்பும். மூலக்கூறு செல்லுக்குள் நுழைவதே இல்லை. வெளியே அது தொட்டது உள்ளே தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். உடனே அந்தச் செல் இரண்டு காரியம் செய்யும். சமிக்ஞை வந்த திசையை நோக்கி ஊர ஆரம்பிக்கும். தானும் கொஞ்சம் சைக்ளிக் ஏ.எம்.பி.யை வெளியே விடும். அதைக் கேட்டு அதற்கும் பின்னால் இருப்பது நகரும். இப்படி அலை அலையாகச் செய்தி போய், எங்கெங்கோ கிடந்தவை எல்லாம் ஓரிடத்தில் குவியும். குவிந்தவை ஒரே உடம்பாகி, கடைசியில் ஊசி முனை அளவில் ஒரு தண்டும் அதன் உச்சியில் ஒரு மணியுமாக எழுந்து நிற்கும். மணிக்குள் இருப்பவை விதை போலப் பிழைத்துக்கொள்ளும். தண்டாக நின்றவை செத்துப்போகும்.

இதைச் சொல்லிக் கொடுத்த பேராசிரியை ரொம்பக் கறாரானவர். முதல் வாரத்தில் நான் எழுதிய குறிப்பைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"செல் கூப்பிடுதுன்னு எழுதியிருக்கீங்க. அது யாரையும் கூப்பிடல. சுரக்குது. சுரக்குதுன்னு எழுதுங்க."

அதற்குப் பிறகு அப்படியே எழுதினேன். ஆனால் நானும் என் தோழியும் மட்டும் இருக்கும்போது மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டே அவள், "ஏய், கூப்பிட ஆரம்பிச்சிடுச்சுடி" என்றுதான் கத்துவாள்.

வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றிலிருந்து மரபணு மாற்றிய இரண்டு வகைகள் வந்திருந்தன. ஒன்றுக்கு சைக்ளிக் ஏ.எம்.பி. செய்யத் தெரியாது, ஆனால் வேறு யாராவது விட்டால் உணர்ந்துகொள்ளும். இன்னொன்றில் ரிசெப்டர் சரியாக இருந்தது, ஜி புரோட்டீனின் ஒரு பகுதிதான் இல்லை. சமிக்ஞை வந்து தொடும், ரிசெப்டர் அதைப் பிடிக்கும், உள்ளே எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அந்தச் செல்கள் எவ்வளவு நேரம் ஆனாலும் தட்டில் மாவு தூவியது போல இருந்த இடத்திலேயே கிடக்கும். முதல் வகையைக் கையாள எனக்குப் பிடித்தது. இரண்டாவதை அவளிடமே தள்ளிவிடுவேன்.

அவளுடைய ஆராய்ச்சிக்கு இந்த ஊர் மண்ணிலிருந்தே ஒரு அமீபா வேண்டியிருந்தது. பல இடங்களில் மண் எடுத்தோம். திருப்பருத்திக்குன்றத்தில் மரத்தடி ஒன்றில் எடுத்ததில் பூஞ்சணம்தான் வந்தது. கடைசியில் அவள் வீட்டு மாந்தோப்பில், மட்கிய இலைக்குக் கீழே இருந்த மண்ணில் கிடைத்தது. நல்ல சுறுசுறுப்பான வகை. வெளிநாட்டு வகைக்குப் பங்காளி முறை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாந்தோப்பு அமீபா விடும் சமிக்ஞையை வெளிநாட்டுச் செல்கள் புரிந்துகொள்ளுமா? சமிக்ஞை செய்யத் தெரியாத அந்த முதல் வகைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, சாயமில்லாத மாந்தோப்புச் செல்களோடு கலந்து, பட்டினி போட்டுப் பார்க்க வேண்டும். சிவப்புச் செல்களும் சேர்ந்து வந்தால் புரிந்துகொண்டன என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் குளிர்ச்சி வேண்டும். இருபத்திரண்டு டிகிரி. நாங்கள் இதைச் செய்யத் துணிந்தது காஞ்சிபுரத்து வைகாசியில். கரண்ட் போனால் இன்குபேட்டர் வெறும் பெட்டி. ஏற்கெனவே ஒரு முறை ஒரு வாரத்து வேலை அப்படியே வெந்துபோயிருந்தது. மறுபடி எல்லாவற்றையும் வளர்த்து, கழுவி, சாயம் ஏற்றி, தட்டுகளில் பரப்பி வைத்த அன்று காலையில் கரண்ட் போயிற்று. எங்கள் கட்டடத்து ஜெனரேட்டர் பழுதுக்குப் போயிருந்தது. பேராசிரியை வெளியூரில் கருத்தரங்கில் இருந்தார். சாயங்காலம்வரை கரண்ட் வராது என்று மின்வாரியத்தில் சொல்லிவிட்டார்கள்.

நான் ஐஸ் வாங்கி வரலாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"ஐஸ்ல வெச்சா விறைச்சிப் பூடும். இன்னிக்கு ஊர்ல யாரு ஏசி போட்டுக்கினு இருப்பாங்க?" என்று சுவரைப் பார்த்து யோசித்தவள் சட்டென்று திரும்பினாள். "எங்க மாமா கட!"

அவளுடைய தாய்மாமா ஒரு பட்டுக் கடையில் விற்பனையாளராக இருந்தார். வைகாசி முகூர்த்தக் கூட்டத்துக்காக அங்கே நாள் முழுக்க ஜெனரேட்டரும் ஏசியும் ஓடும். தட்டுகளின் மூடி ஓரத்தில் டேப் ஒட்டித் தெர்மோகோல் பெட்டியில் வைத்து, என் மடியில் ஏற்றிக்கொண்டு, ஸ்கூட்டியில் கிளம்பினோம். பெருமாள் கோவில் பிரம்மோற்சவம் வேறு. தெருவெல்லாம் வெளியூர் வேன்கள், தண்ணீர்ப் பந்தல், ஜனம். அவள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பள்ளம் வரும்போதெல்லாம் நான் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். என் முழங்கைக்குக் கீழே வியர்வை வழிந்தது.

கடைக்காரர் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டோடு கல்லாவில் இருந்தார். மாமா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

"பெட்டில என்னாம்மா? பட்டுப் புழுவா?"

"இல்லீங்க, அமீபா" என்றாள் அவள்.

"வயித்துக்கு ஆவாதே, அதுவா?"

"அது வேறங்க. இது மண்ணுல இருக்கிறது. ஒண்ணும் பண்ணாது."

"பொடவைல ஏறாதே?"

"தட்ட விட்டே வராதுங்க. மூடி ஒட்டியிருக்குது."

அவர் பெட்டியையும் எங்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். என் கோலம் பார்க்கச் சகிக்காமல் இருந்திருக்க வேண்டும். "உள்ள புடவை மடிக்கிற ரூம்ல வையுங்க. கஸ்டமர் கண்ணுல படாம" என்றார்.

அது சின்ன அறை. சுவர் முழுக்கப் பலகைகளில் அட்டைப் பெட்டிகள், தரையில் வெள்ளை விரிப்பு, புதுப் பட்டின் வாசனை. ஏசி காற்று நேராக வந்தது. விரிப்பில் உட்கார்ந்து தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தோம். மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவர முடியவில்லை. ஒரு பூதக்கண்ணாடியும் டார்ச்சும்தான். பட்டினி தொடங்கி நேரமாகியிருந்ததால் இனிக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

சாப்பாட்டு நேரம் தாண்டியது. அவள் மாமாவோடு காபி வாங்கப் போனாள். நான் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து, சும்மா ஒரு தட்டைப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கே தெரிந்தது. வெளிச்சமும் நிழலுமாக மெல்லிய வளையங்கள், குளத்தில் கல் போட்டது போல, ஆனால் அவ்வளவு மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக விரிந்துகொண்டிருந்தன. படத்தில் பார்த்திருக்கிறேன். கண்ணெதிரே பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் திரும்பி வந்தபோது டார்ச்சைத் தட்டின் பக்கம் சாய்த்துக் காட்டினேன். அவள் காபி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தாள்.

கூறைப் புடவை எடுக்க வந்த ஒரு கல்யாணப் பெண் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். வெளியே அவளுடைய வீட்டார் அரக்கா மாம்பழக் கலரா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். என் தோழி நாலு வார்த்தையில் சொன்னாள்.

"மொதல்ல எது கூப்பிடும்?" என்றாள் அந்தப் பெண்.

"சரியாத் தெரியாதுங்க. அநேகமா எது மொதல்ல பட்டினி கெடந்துச்சோ அது."

அந்தப் பெண் எங்கள் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டாள்.

மூன்று மணி வாக்கில் செல்கள் ஓடைகளாகச் சேர ஆரம்பித்தன. பூதக்கண்ணாடியில் மரக்கிளைகள் மாதிரி தெரிந்தது. அந்த வெளிர் ஓடைகளில் ஒரு செந்நிறச் சாயை இருந்தது. சிவப்புச் செல்களும் வந்துகொண்டிருந்தன! எங்கேயோ ஒரு குளிர்நாட்டு ஆய்வகத்தில் பிறந்து, தானாக ஒரு சொல்லும் சொல்லத் தெரியாதவை, முசரவாக்கத்து மண்ணில் பிறந்தவை விட்டதை உணர்ந்து கூடவே ஊர்ந்தன. என் தோழி என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதுவிட்டேன். அவள் முதலில் சிரித்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"உன் வீட்டுக்காரரு கிட்ட சொல்லணுமாடி?"

ஆமாம் என்று தலையசைத்தேன். அவள் எழுந்து நேராகக் கல்லாவுக்குப் போனாள். என்ன சொன்னாளோ தெரியாது. வெளிநாட்டு ஆர்டர்களுக்காகக் கடையில் ஐ.எஸ்.டி. வசதியுள்ள போன் இருந்தது. கடைக்காரர் தன் உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டு, "பேசும்மா. நான் கடைய பாத்துக்கினு இருக்கேன்" என்று போய்விட்டார். கதவைச் சாத்தியதும் அவர்தான்.

அங்கே இன்னும் சரியாக விடிந்திருக்காது. ரொம்ப நேரம் மணி அடித்த பிறகுதான் என் கணவர் எடுத்தார்.

"யாரு? நீயா? என்னாச்சு? அப்பாவுக்கு ஏதாவது..."

"ஒண்ணுமில்லை. எல்லாரும் சௌக்கியம். அமீபால்லாம் வந்துண்டிருக்கு."

"என்னது?"

நான் சொன்னேன். பசி, அலை, சிவப்புச் சாயம், ஸ்கூட்டி, புடவைக் கடை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று, "இருக்கேளா?" என்றேன்.

"இருக்கேன். சொல்லு."

அந்த அறையில் யாரும் இல்லை. அந்தப் பக்கமும் பாத்திரச் சத்தம் இல்லை.

"எனக்கு உங்ககிட்ட வரணும். இங்க இருக்க முடியலை. உங்க குரல் மறந்துடுமோன்னு இருக்கு" என்றேன்.

"எனக்கு உன் முகமே மறந்துடுமோன்னு இருக்கு. கல்யாண போட்டோல நீ நீயாவே இல்லை" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை. வெளியே வந்தபோது என் தோழி விரிப்பில் தட்டுகளைச் சுற்றிக் காலை மடக்கிக் காவல் உட்கார்ந்திருந்தாள். ஆறிப்போன காபியை என் பக்கம் நகர்த்தினாள்.

ஆவணி பிறந்ததும் விசா வந்துவிட்டது. அப்பா பஞ்சாங்கம் பார்த்துப் பயண நாள் குறித்தார். மீதியிருந்தது ஒரே ஒரு சோதனைதான். ஜி புரோட்டீன் இல்லாத அந்த இரண்டாவது வகையை மாந்தோப்புச் செல்களோடு கலந்து பார்ப்பது. அவள், "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றாள். கடைசி நாளன்று தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஏனாத்தூர் நிறுத்தத்தில் பஸ் வரும்வரை நின்றோம். இத்தனை நாள் வேண்டிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. எனக்கோ அந்தப் பஸ் வராமலிருந்தால் தேவலை என்று இருந்தது.

அமெரிக்காவில் அவர் என்னை நன்றாகத்தான் வைத்துக்கொண்டார். அதைச் சொல்லாவிட்டால் பாவம். விமான நிலையத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கூச்சத்தில் நின்றதும், வீட்டுக்கு வந்து அவர் வைத்த உப்பில்லாத சாத்தமுதைச் சாப்பிட்டதும் இப்போது நினைத்தாலும் இனிக்கிறது. ஆனால் என்னுடைய விசாவில் வேலை பார்க்கக் கூடாது. அவர் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். கதவுக்கு வெளியே பனி. பகலெல்லாம் நான் அந்த லேபை நினைத்துக்கொண்டிருந்தேன். தட்டுகளில் ஊற்றுவதற்கு அகார் கொதிக்கிற வாடை, ஸ்டூலின் ஆட்டம், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே அவள் போடுகிற கூச்சல். அவர் பக்கத்தில் இல்லாதபோது அவருக்காக ஏங்கினேன். இப்போது அவர் பக்கத்தில் இருக்க, அவளுக்கும் அந்த அறைக்கும் ஏங்கினேன். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நாள் இருந்தேன். சொன்னபோது அவர் கோபப்படவில்லை. அடுத்த சனிக்கிழமை பல்கலைக்கழக நூலகத்துக்குக் கூட்டிப் போய் விட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் அவளே போன் செய்தாள்.

"பண்ணிட்டேன்டி. அந்த ஜி புரோட்டீன் இல்லாததுங்க."

"என்ன ஆச்சு?"

"வரல. நம்ம செல்லுங்க எல்லாம் கூடிப் போயிடுச்சு. இதுங்க அங்கங்கயே கெடந்துச்சு. திரும்பத் திரும்பப் பண்ணிப் பாத்துட்டேன்." பிறகு, "அப்படித்தான் வரணும், ரிசல்ட் கரெக்டுதான்னு மேடம் சொன்னாங்க. எனக்குத்தான் தட்டைக் கழுவ மனசு வரல" என்றாள்.

வேலை செய்ய அனுமதி கிடைக்க எனக்குப் பல வருஷங்கள் ஆயின. நடுவில் மகள் பிறந்தாள். இப்போது ஒரு மருத்துவ ஆய்வகத்தில் இதயச் செல்களின் ரிசெப்டர்களைப் பார்க்கிறேன். அங்கே கரண்ட் போவதில்லை. அவள் டாக்டர் பட்டம் வாங்கி ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். போனில் பேசுவோம். பிள்ளைகளின் படிப்பு, அவளுடைய முதுகு வலி, என் மாமியாரின் கண் ஆபரேஷன். செல்களைப் பற்றிப் பேசுவது குறைந்துவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் ஊருக்குப் போனபோது அவள் தன் மகனோடு என்னைப் பார்க்க வந்தாள். அம்மா இலை போட்டாள். சாயங்காலம்வரை இருந்தாள். வேலை இருக்கிறது என்று அன்றைக்கே கிளம்ப வேண்டியிருந்தது. பஸ் நிலையம்வரை கூடப் போனேன். மகனோடு கூட்டத்தில் ஏறி எப்படியோ ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்து, பஸ் நகர்ந்த பிறகு தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். பின்னால் நின்ற பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடி? கேக்கலை!" என்று கத்திக்கொண்டே நான் கொஞ்ச தூரம் கூட ஓடினேன். அவள் சிரித்துக்கொண்டே மறுபடியும் சொன்னாள். அதுவும் கேட்கவில்லை. பஸ் திரும்பிவிட்டது.

மறுநாள் போனில் கேட்டேன், நேற்று ஜன்னலிலிருந்து என்ன சொன்னாய் என்று.

"நானா? என்னா சொன்னேன்?" என்றாள். ரொம்ப நேரம் யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு நினைவில்லை.